நாலாம் நம்பர் மேற்கோள்

786
தென்னூர், திருச்சி
19-1-1964

அன்புள்ள வள்ளிக்கு,

சுராயா எழுதிக்கொண்டது. இங்கே அத்தா, அம்மா, தம்பி கியாசுதீன் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு. தில்லிக் குளிரில் கை விறைத்துப்போகிறது என்று போன கடிதத்தை நாலு வரியில் முடித்துவிட்டாய். அந்த நாலு வரியிலும் இரண்டு வரி குளிரைப் பற்றி. இதற்கு நீ ஒரு தபால் கார்டு வாங்கியிருக்கலாம்.

சமாச்சாரத்துக்கு வருகிறேன். பேப்பரை அனுப்பிவிட்டேன். ஆறு வருஷமாகத் துறையூர் பஸ்ஸிலும் அதற்கு மேல் காலாலும் பச்சைமலைக்கு அலைந்தேனே, அந்தச் சாமைக் கரிக்கதிர் பேப்பர்தான். கதிர் முழுக்கக் கரியாகி உதிர்கிற அந்த நோயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை ஊருக்குச் சொன்னவளே நீதான். நோய் மண்ணிலிருந்து வருகிறது என்று நீ 1954-இல் எழுதினாய். இன்றைக்கும் நோய் கண்ட கொல்லையை மூன்று வருஷம் தரிசு போடு என்றுதான் மலை ஜனங்களுக்குச் சொல்கிறார்கள்.

நீ எழுதின அதே தில்லி ஜர்னலுக்குத்தான் நானும் அனுப்பியிருக்கிறேன். மேற்கோள் பட்டியலைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டேன். பத்தொன்பது பேர். ஒருத்தர் பெயர் விட்டுப்போனாலும் மனஸ்தாபம்தானே. உன் பெயர் நாலாம் நம்பர். "வள்ளிக்கண்ணு 1954-இல் நிறுவியபடி" என்று முதல் பக்கத்திலேயே வருகிறது. என் முடிவு உன்னுடையதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மொத்தத்தில் ஒத்துத்தான் போகிறது என்று வைத்துக்கொள்.

இப்போது அவசரம் என்ன என்றால், அடுத்த வருஷம் ஜூனில் எங்கள் காலேஜில் லெக்சரர் வேலை ஒன்று காலியாகிறது. ஒன்பது வருஷமாக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து டெஸ்ட் ட்யூப் கழுவிக் கழுவி என் கைரேகையே அழிந்துவிட்டது. பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரெஃப்ரீங்க படிச்சு ஒத்துக்கிட்ட ஜர்னல்ல ஒரு பேப்பராவது வேணும்மா. இல்லாட்டி மெட்ராஸ்லேர்ந்து யாராவது வந்துடுவாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது." நல்ல மனிதர்தான். அத்தா மாப்பிள்ளை பேச்சை விட்டு மூன்று வருஷமாகிறது. அவரும் இப்போது இந்த வேலையைத்தான் தொழுகைக்குத் தொழுகை கேட்கிறார்.

உன் ஆபீஸும் ஜர்னல் ஆபீஸும் ஒரே கட்டடம்தானே. என் பேப்பர் எந்த ரெஃப்ரீயிடம் போயிருக்கிறது என்று காதில் விழுந்தால் ஒரு வரி எழுதேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

என்றும் உன்,
சுராயா


உ
கரோல் பாக், புதுதில்லி
9-2-1964

அன்புள்ள சுராயா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

கட்டடம் ஒன்றுதான். எங்கள் ஆபீஸ் இரண்டாம் மாடி, ஜர்னல் கீழே. ரெஃப்ரீ யார் என்பது ஆசிரியருக்கும் அவருடைய இரும்பு பீரோவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். என் காதில் விழுந்தாலும் உனக்கு எழுத மாட்டேன். கோபப்பட்டுக்கொள். ஹாஸ்டலில் உன் கோபம் இரண்டு நாள் தாங்கும். இப்போது வயதாகிவிட்டதால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே எங்கள் டைரக்டருக்குப் புதுப் பித்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொருத்தர் எழுதின கட்டுரையையும் பிறகு எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறார். "நல்ல வேலையா இல்லையா என்று இனிமேல் நாம் வாதாட வேண்டாம், எண் சொல்லிவிடும்" என்கிறார். எனக்கு முப்பத்தொன்று. ஆபீஸிலேயே அதிகம். எல்லாம் அந்த ஒரே கரிக்கதிர் கட்டுரைக்கு. அடுத்த வருஷம் சீனியர் பதவி வருகிறது, அது எனக்குத்தான் என்று இப்போதே டீ வாங்கித் தரச் சொல்கிறார்கள். நான் மண்ணைத் தொட்டுப் பத்து வருஷமாகிறது. மேஜையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் பட்டியலில் எனக்கு எத்தனையாம் நம்பர் என்று நான் கேட்கவே இல்லையே. ஒன்று மட்டும் கேட்கிறேன். மலையில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாயா?

அன்புடன்,
வள்ளிக்கண்ணு


786
தென்னூர்
26-4-1964

அன்புள்ள வள்ளி,

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

ரெஃப்ரீயின் குறிப்பு வந்துவிட்டது. மூன்று பக்கம். கையெழுத்து கிடையாது. முதல் பக்கத்தில் வானளாவப் புகழ்ந்திருக்கிறான். நிதானமான வேலையாம், நாலு பாத்தி வைத்துப் பார்த்த விதம் நேர்த்தியாம். படித்துவிட்டுக் கியாசுதீனைக் கடைக்கு அனுப்பி அல்வா வாங்கிவரச் சொன்னேன். அல்வா வருவதற்குள் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். தமிழில் சொன்னால் இதுதான்:

"நாலாம் எண் மேற்கோளைத் தன் முடிவுக்கு ஆதரவாகக் காட்டியிருக்கிறார். அது ஆதரவு அல்ல, நேர் எதிர். இவர் செய்த சோதனை சரி என்றால் 1954-ஆம் வருஷத்துக் கட்டுரை தவறு. அதைப் படிக்காமல் காட்டினாரா, படித்துவிட்டுப் பயந்துபோய்க் காட்டினாரா? படித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். தவறு என்று வெளிப்படையாக எழுதாவிட்டால் இதை அச்சிட நான் சம்மதிக்க மாட்டேன்."

இதோடு விட்டானா என்றால் இல்லை. 1953-இல் நீ விதைத்த விதை எங்கே அடிக்கப்பட்டது என்று விசாரிக்க வேண்டுமாம். அந்த ஊரில் நல்ல கதிரும் கரிக்கதிரும் ஒரே பாறைக்களத்தில்தான் அடிபடுமாம், கரித்தூசி ஒட்டின விதையை நல்ல விதை என்று நம்பி விதைத்திருக்கலாமாம். வேறோர் ஊரில் இன்னும் ஒரு போகம் விதைத்துப் பார்த்துவிட்டுத் திருத்தி அனுப்பு என்கிறான்.

வள்ளி, நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். முன்னே பின்னே இல்லை. முழுக்கவே வேறு. கரிக்கொல்லை மண்ணில், விதையை மயில்துத்தக் கரைசலில் கழுவி விதைத்தேன். ஒரு கதிர்கூடக் கருக்கவில்லை. ஒரு நாளும் சாமையே போடாத சுத்தமான மண்ணில் நோய்க்கொல்லை விதையைக் கழுவாமல் விதைத்தேன். பாதிக்குப் பாதி கரி. மூன்று வருஷமும் இதே கதைதான். நோய் மண்ணில் இல்லை, விதையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதை நான் கடைசிப் பக்கத்தில் யாருக்கும் நோகாமல் எழுதி, முதல் பக்கத்தில் உன்னை நாலாம் நம்பராக உட்கார்த்தி மரியாதை செய்தேன். உன்னைத் தவறு என்று அச்சில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. பேப்பரை டைப் அடித்தவர் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இருக்கிற ஒரு ஐயங்கார் மாமா. கோர்ட்டு தஸ்தாவேஜு அடிக்கிறவர், செடி கொடி ஒன்றும் தெரியாது. பதினோராம் பக்கம் வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, "அம்மா, க்ஷமிக்கணும். முதல் பக்கத்துல இந்த வள்ளிக்கண்ணு சொன்னது சத்யம்ங்கறேள். இங்கே வந்தா அதுக்கு விரோதமா இருக்கே. பெருமாள் சாக்ஷியா எது நிஜம்?" என்று கேட்டார். "நீங்க அடிங்க மாமா" என்றேன். அவருக்குத் தெரிந்தது ரெஃப்ரீக்குத் தெரியாமல் போகுமா.

என்னைத் திட்டு. ஆனால் அந்த ஆளையும் சேர்த்துத் திட்டு. ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம்.

உன்,
சுராயா


உ
கரோல் பாக்
17-5-1964

அன்புள்ள சுராயா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். திட்டச் சொன்னாய். உன்னை மட்டும் திட்டுகிறேன். ஒத்துப்போகிறது என்று எனக்கு எழுதினாயே, அதற்காக. மலையில் ஆறு வருஷம் வேகாத வெயிலில் நின்றவள், ஒரு வரி எழுதப் பயந்தாயே, அதற்காக.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் நூலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து புதிதாக ஓர் அட்டவணைப் புத்தகம் வந்திருக்கிறது. செங்கல் கனம். எந்தக் கட்டுரையை எந்தெந்தக் கட்டுரை மேற்கோள் காட்டியது என்று அதில் தேடலாம். ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கிறது. மற்ற வருஷங்களுக்கு நானே பழைய ஜர்னல்களை இறக்கிவைத்துக்கொண்டு கார்டு போட்டேன். என்னை மேற்கோள் காட்டின முப்பத்தொரு கட்டுரையையும் எடுத்து வைத்துப் படித்தேன். இதற்கு முன்னால் அவற்றை நான் எண்ணியிருக்கிறேனே தவிர, படித்ததில்லை.

ஒருத்தர்கூட விதைத்துப் பார்க்கவில்லை. எட்டுப் பேர் என் கட்டுரையையே பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்கிறாயா? என் கட்டுரை 212-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. 1956-இல் ஒருத்தர் கைதவறி 221 என்று போட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த எட்டுப் பேரும் 221 என்றே போட்டிருக்கிறார்கள். மிச்சம் இருபத்திரண்டு பேரும் "மண்ணிலிருந்து பரவும் இந்நோய்" என்று ஒரு வரியில் கடந்து, தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். டைரக்டர் சொன்ன எண் இதுதான். உன் ஐயங்கார் மாமாவைத் தாண்டி என் கட்டுரையை யாரும் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை.

ஆடி வருகிறது. மலைக்குப் போ. ரெஃப்ரீ கேட்ட இன்னொரு போகத்தை விதை. பிறகு எழுது. என் பெயரைப் போட்டு எழுது.

அன்புடன்,
வள்ளிக்கண்ணு


786
தென்னூர்
11-6-1964

அன்புள்ள வள்ளி,

விதைக்கிறேன். அதில் எனக்கு மறுப்பில்லை. எழுத மாட்டேன்.

நீ பெரிய மனசோடு பேசுகிறாய். எனக்கு அந்த மனசு வேண்டாம். அடுத்த வருஷம் உன் சீனியர் பதவி எதை வைத்து வரப்போகிறது? அந்த முப்பத்தொன்றை வைத்து. அதே ஜர்னலில், அதே வருஷம், "வள்ளிக்கண்ணு செய்தது தவறு" என்று உன் சிநேகிதி எழுதி, அது உன் டைரக்டர் மேஜைக்கு உன் பெயரோடு போய் நிற்க வேண்டுமா? டைபாய்டில் நான் கிடந்த வருஷம் பரீட்சைக்குப் படிக்காமல் என் தலைமாட்டில் உட்கார்ந்தவள் நீ. அந்த வருஷம்தான் உனக்கு முதல் வகுப்பு போனது. மறுபடியும் என்னால் உனக்கு ஒன்று போக வேண்டாம்.

நான் டெமான்ஸ்ட்ரேட்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மெட்ராஸிலிருந்து வருகிறவருக்கு டெஸ்ட் ட்யூப் எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் வேண்டாமா?

நேற்று அத்தாவிடம் சொன்னேன்.  "அந்தப் புள்ளை கிட்ட கேட்டியாம்மா?" என்றார். "அவ எழுதத்தான் சொல்றா அத்தா" என்றேன். "அப்புறம் நீ யாருக்காக எழுதாம இருக்கே?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு இதெல்லாம் புரியாது.

சுராயா


உ
கரோல் பாக்
20-6-1964

சுராயா,

உன் அத்தாவுக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை.

காளியாயியை உனக்கு நன்றாகத் தெரியும். உன் நாலு பாத்தியும் அவள் கொல்லையில்தான் இருக்கின்றன. அவளுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். கரி கண்டது என்று அதில் ஒரு ஏக்கரை மூன்று வருஷம் தரிசு போட்டாள். நாலாம் வருஷம் அதே விதையை விதைத்தாள், மறுபடியும் கரி. மறுபடியும் தரிசு. இப்படிப் பத்து வருஷம். கிழங்கைத் தின்று பிள்ளைகளை வளர்த்தாள். இதெல்லாம் நீயே எனக்கு எழுதினதுதான். அந்தத் தரிசு என் கட்டுரை. நான் இங்கே மேஜையில் உட்கார்ந்து முப்பத்தொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் கொல்லையில் புல்பூண்டு முளைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்று போகக் கூடாது என்கிறாய். நீ மறைத்து வைத்தால் எனக்கு மிஞ்சுவது என்ன என்று யோசித்தாயா? தவறு என்று எனக்கே தெரிந்த ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு, அதன் பேரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ரிட்டயர் ஆகும்வரை யாராவது விதைத்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருப்பேன். இதுதான் நீ எனக்குச் செய்கிற மரியாதையா? டைபாய்டுக்கு இப்படித்தான் பதில் செய்வாயா?

எனக்குக் கோபம் வருகிறது. உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. எழுத மாட்டாய் என்றால் எனக்கும் கடிதம் எழுத வேண்டாம்.

வள்ளிக்கண்ணு


786
தென்னூர்
29-11-1964

அன்புள்ள வள்ளிக்கு,

ஐந்து மாதம் நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. ரோஷக்காரி என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. உனக்கு எழுத எனக்கு உரிமை வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். இப்போது வந்துவிட்டது.

ஆடியில் மேலே இன்னோர் ஊரில் புதிதாக எட்டுப் பாத்தி விதைத்தேன். போகும்போதும் வரும்போதும் துறையூரில் உன் வீட்டில்தான் தங்கல். உங்க அம்மா எனக்கு என்று தனியாக நெய் காய்ச்சி வைத்திருந்தார்கள். "அவ தில்லிக்குப் போய் எலும்பாயிட்டா, நீயாவது சாப்புடு" என்று மூன்றாம் தடவையும் இலையில் வைத்தால் எப்படி மறுப்பது. மலையில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கினதற்கு உங்க அம்மாதான் பொறுப்பு.

அறுவடை போன வாரம் முடிந்தது. கழுவி விதைத்த நாலு பாத்தியிலும் ஒரே ஒரு கரிக்கதிர். ஒன்றே ஒன்று. கழுவாமல் விதைத்த பாத்திகளில் பாதிக்கு மேல் கரி. மண் எல்லாம் ஒரே மண். இதற்குமேல் யாருக்கும் ஒரு பேச்சு இருக்க முடியாது.

காளியாயிக்கு நம்பிக்கையே இல்லை. போன ஆடியில் "நாங்களும் இந்தத் தடவை கழுவித்தான் போட்டோம், பாக்கலாம்" என்று அசட்டையாகச் சொன்னவள், இப்போது தரிசாகக் கிடந்த அந்த ஏக்கரில் இடுப்பு உயரச் சாமையில் நின்றுகொண்டு, கதிர் கதிராகப் பிரித்துப் பார்க்கிறாள். கரியைத் தேடுகிறாள். கிடைக்கவில்லை என்றதும் என் பக்கம் திரும்பி, "இத்தன வருசமா மண்ணுமேல இல்ல பழிய போட்டோம்" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அவளிடம் ரெஃப்ரீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "வள்ளிப் பாப்பாவுக்கு வெத குடுத்தது நாந்தாங்க. பொறுக்கி எடுத்த வெததான். ஆனா அடிச்சது மேலப் பாறையிலதான். எல்லாரும் அங்கனதான் அடிப்பாங்க. அந்தப் பாப்பா கேக்கல, நானும் சொல்லல" என்றாள்.

அன்றிரவு உங்க வீட்டுக்கு இறங்கி வந்து, உன் 1954-ஆம் வருஷக் கட்டுரையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். "நல்ல விதை" என்று இருக்கிறது. களம் என்ற பேச்சு இல்லை. பாறை என்ற பேச்சும் இல்லை. அந்த ஊரில் பாறையில் அடிப்பார்கள் என்று வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரெஃப்ரீக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுதாதே. பேப்பர் இன்னும் அச்சாகவில்லை. அதுவரை ரெஃப்ரீ ரெஃப்ரீயாகவே இருக்கட்டும். ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம் என்று நான் எழுதினதை மட்டும் அழித்துவிடு.

திருத்திய பேப்பரை நேற்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "இந்நோய் மண்ணிலிருந்து பரவுகிறது என்ற வள்ளிக்கண்ணுவின் (4) முடிவு தவறு. அவர் விதைத்த விதை, நோய்க்கதிர் அடித்த களத்தில் அடிக்கப்பட்டது." ஐயங்கார் மாமா இந்த வரியை அடித்துவிட்டு, "இப்போ ஸரியா இருக்கும்மா" என்றார். 

உன்,
சுராயா


உ
கரோல் பாக்
7-3-1965

அன்புள்ள சுராயா,

உன் கடிதம் கிடைத்து மூன்று மாதமாகிறது. எழுதாதே என்று நீ சொன்ன விஷயத்தைத் தவிர எழுத வேறொன்றும் எனக்கு இல்லாததால் எழுதவில்லை.

ஊரில் மொழிக் கிளர்ச்சி, காலேஜ் எல்லாம் மூடல் என்று இங்கே பேப்பரில் பார்த்துக் கவலையாக இருந்தது. கியாசுதீன் பத்திரம்தானே? நான் சுகம். குளிர் விட்டுவிட்டது. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

வள்ளிக்கண்ணு


786
தென்னூர்
20-6-1965

என் அருமை வள்ளிக்கு,

ஜர்னல் வந்துவிட்டது. மே மாத இதழ், 87-ஆம் பக்கம். நான் லெக்சரர். ஜூன் பதினைந்தாம் தேதியிலிருந்து. அல்ஹம்துலில்லாஹ்.

எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. செலக்ஷன் கமிட்டி முன்னால், இதே வேலைக்கு வந்த மெட்ராஸ்காரர் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் எட்டுப் பேப்பர் கொண்டுவந்திருந்தார், எனக்கு ஒன்று.  வெளியிலிருந்து வந்த நிபுணர் எட்டையும் புரட்டிவிட்டு மூடி வைத்தார். என்னுடையதை எடுத்து, வரி வரியாக முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். நாலாம் எண் மேற்கோளில் வந்து நின்றார். "இவங்களை எதிர்த்து எழுதியிருக்கீங்களே, இவங்க என்ன சொன்னாங்க?" என்றார். "எழுதச் சொன்னதே அவங்கதாங்க" என்று சொன்னேன். நீ கடிதத்தில் சொன்னதைத்தான் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டார்.

கியாசுதீன் தென்னூர் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டான். அத்தா ஜர்னலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டுகிறார். நேற்று வகுப்புக்குப் போனேன். முதல் முறையாக மேடைமேல் நின்றேன். டெஸ்ட் ட்யூப் கழுவ ஆள் வேறு. ஒரு ட்யூப் சரியாகக் கழுவவில்லை என்று நான் சத்தம் போட்டேன், கேட்டுக்கொள்.

இனி அச்சாகிவிட்டது. இனிப் பேசலாம். உன் தவறை உன் கையாலேயே கண்டுபிடித்து, எழுது எழுது என்று என்னை ஒரு வருஷம் விரட்டினாயே. நீயே எழுதியிருந்தால் திருத்தம் போட்ட பெருமையும் உனக்கே வந்திருக்கும். எனக்கு விட்டுக்கொடுத்தாயா என்று நினைத்து நினைத்து ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான். ஆனால் பாதி பயம். உன் சீனியர் பதவி என்ன ஆயிற்று? ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன் என்கிறாய்? எதுவானாலும் மறைக்காமல் எழுது.

என்றும் உன்,
சுராயா


உ
கரோல் பாக்
4-7-1965

என் அன்பு லெக்சரர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆபீஸில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு ஏதோ பதவி கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கை குலுக்கினார்கள். ஆமாம், கிடைத்துவிட்டது, திருச்சியில் என்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் உனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியர் உன் பேப்பரைத் தந்தபோது, "இவள் என் சிநேகிதி, மறுக்கப்படுவதும் என் கட்டுரை, நான் பார்க்கக் கூடாது" என்று சொன்னேன். "அந்த மலையைத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. சிநேகிதத்துக்கும் ரோஷத்துக்கும் சரியாகப் போய்விடும், படியுங்கள்" என்றார். உன் நாலு பாத்தியைப் பார்த்த பிறகுதான் பாறைக்களம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அதுவரை பத்து வருஷம் வரவில்லை. கண்டுபிடித்தது நீ. நான் ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கே மூன்று ராத்திரி ஆயிற்று.

பதவி எனக்கு இல்லை. நேர்முகத்தில் டைரக்டர் தாளைப் பார்த்துக்கொண்டு, "முப்பத்தொன்று, சரிதானே?" என்றார். "முப்பத்திரண்டு. முப்பத்திரண்டாவது கட்டுரை என்னுடையது தவறு என்று நிரூபிக்கிறது. அது ஒன்றைத்தான் நீங்கள் எண்ண வேண்டும்" என்று சொல்லி உன் 87-ஆம் பக்கத்தை மேஜைமேல் வைத்தேன்.  பதவி இன்னொருத்தருக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் டைரக்டர் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். வயல் வேண்டும் என்றேன். பச்சைமலையில் இரண்டு வருஷம் வேலை செய்ய உத்தரவு வந்திருக்கிறது. பதவியை இழந்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற ஆளை இந்தக் கட்டடம் பார்த்திருக்காது. பாட்டுப் பாடிக்கொண்டே படி இறங்கினேன்.

நீ என்னைக் குறைத்துவிட்டதாகப் பயந்தாய் அல்லவா, கேள். முப்பத்தொரு பேர் என் பெயரை எழுதினார்கள். நீ ஒருத்திதான் என்னைப் படித்தாய். நான் செய்ததை நான் செய்த இடத்திலேயே போய் நின்று, திரும்பச் செய்து பார்த்தவள் உலகத்தில் நீ ஒருத்தி. எழுதினவளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

பதினெட்டாம் தேதி கிராண்ட் டிரங்கில் ஏறுகிறேன். சென்னையில் மாறி, இருபத்தோராம் தேதி காலை திருச்சி ஜங்ஷன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா, தென்னூரையே கூட்டிக்கொண்டு வராதே. மலையில் இந்தத் தடவை நான் செய்வதை நீ பக்கத்தில் நின்று பார். நான் எழுதுவதை ஜர்னலுக்கு அனுப்புமுன் நீ படி. தவறு இருந்தால் என் முகத்துக்கு நேரே சொல். நாம் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டுப் பதினொரு வருஷமாகிறது, எனக்கு அது வேண்டும்.

உன்,
வள்ளிக்கண்ணு